காரணம்: கையெழுத்து வாங்குதல்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருப்பீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னா உடம்புக்கு மட்டும்தான், மத்ததை ஒவ்வொண்ணா சொல்றேன், பாதி படிச்சிட்டு பதறிப்போய் போன் போடாதே, கடைசி வரைக்கும் படி. போன்ல எனக்கு இதைச் சொல்ல வராது. முப்பத்தோரு வருஷம் எஞ்சின் பக்கத்துல உக்காந்தவன் எதைப் பேசினாலும் கத்தற மாதிரிதான் வருது, இது கத்திச் சொல்ற விஷயம் இல்லை.

முட்டி வலி பழையபடிதான், மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னை ரெண்டு வார்த்தை திட்டிக்கிட்டே ஏறுது. உங்கம்மாவுக்கு பிரஷர் மாத்திரை மாத்திக் கொடுத்திருக்காங்க, காலையில ஒண்ணு ராத்திரி அரை. அந்த அரையை உடைக்கறதுக்குள்ள அவளுக்கு பிரஷர் ஏறிடுது. நீ அனுப்பின போட்டோவுல கன்னம் ஒட்டிப் போயிருக்குன்னு ஒரு வாரமா அதே பாட்டு, நான் வெளிச்சம் அப்படி விழுந்திருக்குன்னு சொல்லி சமாளிச்சு வெச்சிருக்கேன், நீ கொஞ்சம் ஒழுங்கா சாப்பிட்டு என் வார்த்தையைக் காப்பாத்து.

போன மாசம் உன் கடிதம் வந்த அன்னிக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. பொண்ணு அகராதி ஆபீஸ்ல வேலை பாக்கறா, வார்த்தைக்கு அர்த்தம் எழுதறான்னு டீக்கடையில சொன்னா, அதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்கன்னு கேக்கறானுங்க. அதனால உன் கடிதத்தை சட்டைப் பையிலேயே வெச்சிருந்து, கேட்டவன் கேக்காதவன் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். அப்பா, உங்க வண்டியோட பேர் எங்கேர்ந்து வந்ததுன்னு இந்த வாரம் என் மேஜைக்கு வந்திருக்கு, கேளுங்கன்னு ஆரம்பிச்சிருந்தே. புல்டோசர்ங்கறது முதல்ல வண்டியே இல்லை, ஆளுங்களைச் சொன்னதுன்னு எழுதியிருந்தே. நூத்தம்பது வருஷம் முன்னாடி ஏதோ ஒரு தேசத்துல, அடிமைத்தனத்துலேர்ந்து அப்பதான் விடுதலையான ஜனங்க ஓட்டுப் போடப் போனா, அவங்களை வழிமறிச்சு சாட்டையால அடிக்கறதுக்குன்னே கும்பல் இருந்துச்சு, அந்தக் கும்பல்ல இருந்தவனுக்குத்தான் அந்தப் பேர். புல்னா காளை, காளைமாட்டுக்கே போதுமான அளவுக்கு ஒரு டோஸ் கொடுக்கறவன். நாம டோஸ் வாங்கினேன்னு சொல்றோமே அதே டோஸ்தான் அப்பான்னு பக்கத்துல சிரிச்ச மூஞ்சி வேற போட்டிருந்தே. பெரும்பாலும் இப்படித்தான் வந்திருக்கும்னு சொல்றாங்க, நூத்துக்கு நூறு உறுதியில்லைன்னு அடிக்கோடு போட்டிருந்தே, அது உன் தொழில் நேர்மை. அப்புறம் யாரையும் மிரட்டிப் பணிய வெக்கறதுக்கே அந்த வார்த்தை ஆகி, அம்பது வருஷம் கழிச்சுத்தான் மண்ணைத் தள்ற வண்டிக்கு வந்துச்சாம். மிரட்டற ஆளுங்கற அந்தப் பழைய அர்த்தத்துல இப்ப யாரும் சொல்றதில்லை, அதனால புதுப் பதிப்புல அதுக்கு முன்னாடி வழக்கொழிந்ததுன்னு ஒரு குறி போடப் போறோம்னு முடிச்சிருந்தே.

டீக்கடையில எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்ப நீங்க ரவுடியான்னு ஒருத்தன் கேட்டான், ஆமாடா, டீசல் குடிக்கிற ரவுடின்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தேன், ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. உங்கம்மா என்னன்னு கேட்டா, வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டேன். வயிறு நல்லாத்தான் இருந்துச்சு.

உனக்கு என் வேலை தெரியும்னு நினைக்கிறே, தெரியாது. பள்ளிக்கூடத்துல அப்பா வேலை என்னன்னு கேட்டப்போ ரோடு போடறார்னு எழுதினே. ரோடு போடறதுக்கு முன்னாடி அந்த இடத்துல இருக்கறதை எடுக்கணும் இல்லையா, அந்த வேலைதான் கடைசி பன்னெண்டு வருஷம். ரோடு ஆபீஸ்லேர்ந்து ஒரு அதிகாரி வருவார், சட்டைப் பையில எப்பவும் ரெண்டு பேனா இருக்கும், எழுத ஒண்ணு, அடுத்தவங்க கையில கொடுக்க ஒண்ணு, அதனால நாங்க அவருக்கு வெச்ச பேர் பேனாக்காரர். காலையில எட்டு மணிக்கு நான் வண்டியைத் தெருமுனையில கொண்டு போய் நிறுத்தணும். பேனாக்காரர் வீடு வீடா சம்மதக் காகிதத்தோட போவார். குரலை உசத்த மாட்டார், அம்மான்னு சொல்லாம பேச்சை ஆரம்பிக்க மாட்டார். நான் கட்டாயப்படுத்தல அம்மா, உங்க இஷ்டம்தான் அம்மான்னு சொல்லிப் பேனாவை நீட்டுவார். எல்லாரும் போட்டுடுவாங்க. வீட்டைக் காலி பண்ண ஒரு வாரம் கொடுப்பாங்க, அதுக்கப்புறம்தான் நான் பிளேடை இறக்குவேன். கையெழுத்து இல்லாத ஒரு சுவத்தைக்கூட நான் தொட்டதில்லைன்னு உங்கிட்டயே எத்தனை தடவை மார் தட்டியிருக்கேன்.

கையெழுத்து வாங்கி முடியற வரைக்கும் வண்டி அந்த முனையிலேயே ஓடிக்கிட்டு இருக்கும். நகராது, சும்மா நின்ன இடத்துல உறுமிக்கிட்டு இருக்கும். பழைய எஞ்சின், அணைச்சா மறுபடி கிளம்ப மக்கர் பண்ணும், அதனாலதான்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். ஆனா உன் கடிதத்தைப் படிச்ச அன்னிக்கு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி உக்காந்திருந்தப்போ ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ஒரு தடவை, டீசல் வீணாப் போகுதேன்னு நான் எஞ்சினை அணைச்சிட்டேன். அன்னிக்கு பேனாக்காரர் நாலு வீடு ஏறி இறங்கினார், ஒரு கையெழுத்து விழல. திரும்பி வந்து, ஏம்ப்பா அணைச்சே, போடுன்னு சொன்னார். போட்டேன். அரை மணி நேரத்துல பதினோரு கையெழுத்து. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும் பாப்பா. தெரிஞ்சுதான் இருந்துச்சுன்னு இப்ப தோணுது. தூங்கறவனை எழுப்பலாம், தூங்கற மாதிரி நடிக்கறவனை எழுப்ப முடியாதுன்னு சொல்லுவாங்களே, நான் ரெண்டாவது ரகம்.

இதுல என் மடத்தனம் ஒண்ணு இருக்கு, அதைக் கேட்டா உனக்குச் சிரிப்பு வரும். டீசல் திருடறானுங்கன்னு எங்க மேல எப்பவும் சந்தேகம், அதனால வண்டி வேலை செய்யாம சும்மா ஓடினா எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும், என்ன காரணம்னு லாக் புக்ல எழுதியே ஆகணும். மத்த ஆபரேட்டருங்க எஞ்சின் சூடாக்குதல்னு ஏதாவது கிறுக்கிட்டுப் போயிடுவாங்க. நான்தான் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடாச்சே, உள்ளதை உள்ளபடி எழுதினேன். எட்டு பத்திலேர்ந்து ஒன்பது இருபத்தஞ்சு வரை சும்மா ஓட்டம், காரணம் கையெழுத்து வாங்குதல். பன்னெண்டு வருஷமும் இப்படியே. ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ பேனாக்காரர் சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். அசல் ஆபீஸுக்கு, கார்பன் காப்பி எழுதினவன்கிட்ட. யாருமே அதைப் படிக்கல, எழுதின நான்கூட படிக்கல.

படிச்சது ஒரே ஒருத்தர், தையல்காரம்மா. நீ ஆறாம் வகுப்பு சேந்தப்போ யூனிபார்ம் தெச்சுக் கொடுத்தாங்களே, பாவாடையை நீளமா மடிச்சு உள்ள விட்டு, ரெண்டு வருஷம் வளர இடம் வெச்சிருக்கேன்னு சொன்னாங்களே, அவங்கதான். அவங்க தெருவை நாலு வருஷம் முன்னாடி நான்தான் எடுத்தேன், நாப்பத்திரெண்டு வீடு. அவங்க இப்ப ஊருக்கு வெளிய ஒரு தகரக் கொட்டகையில இருக்காங்க, துணி தெக்கக் கொடுக்க யாரும் அங்க போறதில்லை. அந்தத் தெருக்காரங்க பாதிப் பேர் சேந்து, நாங்க மனசாரக் கையெழுத்துப் போடல, பயமுறுத்தி வாங்கினாங்கன்னு கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. யாராவது அடிச்சாங்களா திட்டினாங்களான்னு கோர்ட்ல கேட்டா, இல்லைன்னுதானே சொல்ல முடியும். வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னா, அதுக்கு என்ன அத்தாட்சின்னு கேக்கறாங்க. ஆபீஸ்ல இருந்த லாக் புக் மழையில நனைஞ்சு போச்சாம். என்கிட்ட கார்பன் காப்பி இருக்குன்னு யாரோ சொல்லி, அந்த அம்மா போன மாசக் கடைசியில நம்ம வீட்டுக்கு வந்தாங்க.

அவங்க கோவமா வரல, வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். உக்காந்து தண்ணி குடிச்சிட்டு, உன்னைப் பத்தி விசாரிச்சாங்க. அப்புறம் அன்னிக்கு நடந்ததைச் சொன்னாங்க. நம்ம வண்டி முனையில நின்னப்போ அவங்க மேஜை மேல ஒரு சட்டைக்கு வைக்க வேண்டிய பொத்தான் ஏழு இருந்துச்சாம். வண்டி அதிர்வுல அது ஒவ்வொண்ணா மேஜை ஓரத்துக்கு நகர்ந்து நகர்ந்து கீழ விழுந்துச்சாம். நாலாவது பொத்தான் விழுந்தப்போ கையெழுத்துப் போட்டுட்டேன், மிச்சத்தைப் பாக்கத் தெம்பு இல்லைன்னு சொன்னாங்க. நான் பெட்டியிலேர்ந்து அந்தக் காப்பி லாக் புக்கை எடுத்து அந்தத் தேதியைத் திருப்பிக் காட்டினேன். விரலை வெச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க, கையெழுத்து வாங்குதல்ங்கற இடத்துல விரல் நின்னுடுச்சு. செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்கு வந்து இதைக் கொடுத்து, நடந்ததைச் சொல்வீங்களான்னு கேட்டாங்க. சொல்றேன், இது சத்தியம்னு சொன்னேன். உங்கம்மா உள்ளேர்ந்து வந்து, அவர் வருவார், நானும் கூட வர்றேன்னு சொன்னா. அன்னிக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்குச்சு.

சாட்சிப் பட்டியல்ல என் பேர் போயிருக்கும்போல, மறுநாளே பேனாக்காரர் வந்துட்டார். அவருக்கும் தலை நரைச்சிடுச்சு, ரெண்டு பேனா மட்டும் அப்படியே இருக்கு. என் முட்டியை விசாரிச்சார், உன்னை விசாரிச்சார், அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார், அதுல எழுதியிருந்தது இதுதான். சம்பவ நாளன்று வண்டியின் எஞ்சின் அணைக்கப்பட்டிருந்தது, லாக் புக் குறிப்பு என் கவனக்குறைவால் தவறாக எழுதப்பட்டது, இதை யாருடைய வற்புறுத்தலும் இன்றி முழு மனதுடன் எழுதிக் கொடுக்கிறேன். போட முடியாதுன்னு சொல்லிட்டேன். கட்டாயமே இல்லை, உங்க இஷ்டம்தான்னு சொல்லிட்டுக் காகிதத்தையும் ஒரு பேனாவையும் மேஜை மேலயே வெச்சிட்டுப் போயிட்டார். போகும்போது, ரோடு ரெண்டாம் கட்டத்துல உங்க தெருவும் வரலாம், வராமலும் போகலாம்னு வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டே சொன்னார்.

வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்கு, நம்ம தெருமுனையில வண்டி வந்து நின்னுச்சு. பாக்காமலே சொல்லுவேன், என் வண்டி. மூணாவது சிலிண்டர் லேசா தட்டும், எத்தனை தடவை சரி பண்ணியும் போகாத தட்டல். தண்ணிக் குழாய்ப் பள்ளம் மூட வந்திருக்குன்னு சொன்னாங்க, பள்ளம் எங்கயும் இல்லை. நான் ரிட்டயர் ஆனப்புறம் அதை ஓட்டறவன் நெட்டையன், என்கூட எட்டு வருஷம் வேலை பாத்தவன், என் சாப்பாட்டுப் பாத்திரத்துல பகிர்ந்து தின்னவன். நான் போய் நின்னேன், அவன் என் மூஞ்சியைப் பாக்கல. அணைச்சா கிளம்பாதுண்ணேன்னு மட்டும் சொன்னான். எனக்கு நானே சொல்லிக்கிட்ட அதே வார்த்தை. லாக் புக்ல என்ன காரணம் எழுதுவேன்னு கேட்டேன், எஞ்சின் சூடாக்குதல்னு எழுதுவேன்னான். அவன் என்னைவிட விவரமானவன்.

சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஓடுச்சு. வெள்ளிக்கிழமையும் ஓடுச்சு, சனிக்கிழமையும். வண்டி மேல உக்காந்திருந்தா அந்தச் சத்தம் ஒண்ணுமே இல்லை பாப்பா, சீட்டுல மெத்தை இருக்கு, காதுல பஞ்சு இருக்கு. வீட்டுக்குள்ள இருந்தா அது காதுல கேக்கறதில்லை, பல்லுல கேக்குது. ஜன்னல்ல உங்கம்மாவோட மருந்து பாட்டில் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் வீட்ல கைக்குழந்தை, அது தூங்கவே இல்லை. முதல் நாள் தெருவுல எல்லாரும் ஆபீஸ்காரனைத் திட்டினாங்க. ரெண்டாம் நாள் யாரும் ஒண்ணும் சொல்லல. மூணாம் நாள் எலக்ட்ரீசியன் வந்து, அண்ணே, அது என்ன காகிதம்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம், நீங்க போட வேண்டியது ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க, போட்டுடுங்கண்ணேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அவன் மேல எனக்குக் கோவம் வரல.

உங்கம்மா போடுன்னும் சொல்லல, போடாதேன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழமைகூட வண்டி வந்துச்சு. பத்து மணி இருக்கும், நான் உள்ள போனப்போ அவ ஸ்டூல் மேல ஏறி உன் கல்யாண போட்டோவைச் சுவத்துலேர்ந்து கழட்டிக்கிட்டு இருந்தா. ஏன்னு கேட்டேன். விழுந்து உடைஞ்சிடும்னு சொல்லி, பழைய போர்வையில சுத்தி, மூட்டை கட்டற மாதிரி கட்டினா. பக்கத்துல பாத்திரமும் ரெண்டு மூணு எடுத்து வெச்சிருந்தா. சுவத்துல அந்த ஆணி மட்டும் இருந்துச்சு. நான் அந்த ஆணியைக் கொஞ்ச நேரம் பாத்தேன், மேஜைக்குப் போனேன், அவர் வெச்சிட்டுப் போன பேனாவாலேயே கையெழுத்துப் போட்டேன். லாக் புக்கையும் எடுத்துக்கிட்டுப் போய் முனையில நின்ன ஜீப்புல பேனாக்காரர் கையில கொடுத்தேன். அவர் நல்லதுன்னு சொல்லி, நெட்டையனைப் பாத்து லேசா தலையை ஆட்டினார். வண்டி அணைஞ்சது. தெரு முழுக்க அமைதியாயிடுச்சு, எதிர்வீட்டுக் குழந்தை தூங்கிடுச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. என்னை ஒருத்தரும் வாழ்த்தல, ஒருத்தரும் திட்டல, கதவைச் சாத்திக்கிட்டாங்க.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். சாட்சி சொல்ல இல்லை, அந்த அம்மா மூஞ்சியைப் பாக்காம இருந்துட்டா அதைவிடக் கேவலம் வேற இல்லைன்னு போனேன். வராந்தாவுல பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, அதுக்குள்ள என் காகிதம் உள்ள போயிடுச்சு, அவங்க வக்கீல் சொல்லிட்டார். நான் பக்கத்துல போய் நின்னேன். அவங்கதான் கேட்டாங்க, எத்தனை நாள் ஓடுச்சுன்னு. மூணு நாள், நாலாவது நாள் பத்து மணி வரைக்கும்னு சொன்னேன். அவங்க என் கையை ரெண்டு தட்டு தட்டி, நீங்க பரவாயில்லைப்பா, நாங்க ஒண்ணேகால் மணி நேரம்கூடத் தாங்கலைன்னு சொன்னாங்க. செருப்பால அடிச்சிருந்தா வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன் பாப்பா. இதை வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல.

கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு. நம்ம தெரு ரெண்டாம் கட்டத்துல இருக்கா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. போட்டோவை உங்கம்மா மறுபடி மாட்டல, நானும் மாட்டச் சொல்லல. என்கிட்ட பேசறா, சாப்பிட வாங்கங்கறா, மாத்திரையை உடைச்சுத் தாங்கங்கறா, மூஞ்சியை மட்டும் பாக்கறதில்லை. இதெல்லாம் சரியாகும்னு நீ எழுதாதே. சரியாகாதுன்னு எனக்குத் தெரியும், சரியாகறதுக்கு என்கிட்ட இருந்தது அந்த ஒரு புக்குதான்.

உனக்குச் சொல்றதுக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கு. அங்க ஆபீஸ்லயோ வீட்லயோ எவனாவது ஒரு காகிதத்தை நீட்டி உங்க இஷ்டம்னு சொன்னா, காகிதத்தைப் படிக்கறதுக்கு முன்னாடி ஜன்னல்ல பாட்டில் ஆடுதான்னு பாரு. அப்புறம் அந்தக் குறி விஷயம். பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க சேந்து செய்யற அகராதி, உங்கப்பன் சொன்னான்னு மாத்த மாட்டாங்க, தெரியும். இருந்தாலும் உன் மேஜைக்கு வந்த வார்த்தைதானே, உன் மேலதிகாரிகிட்ட ஒரு தடவை சொல்லிப் பாரு. மிரட்டற ஆளுங்கற அர்த்தம் வழக்கொழிஞ்சு போகல, முப்பத்தோரு வருஷம் அந்த சீட்டுல உக்காந்தவன் சொல்றான்னு சொல்லு. ஆதாரம் கேட்டா இந்தக் கடிதத்தைக் கொடு. இதுக்குக் கார்பன் காப்பி இல்லை, அதனால பத்திரமா வை.

நீயும் மாப்பிள்ளையும் ஒருத்தருக்கொருத்தர் ஆதரவா, குறையில்லாம நீண்ட காலம் இருக்கணும், உன் வாசல்ல எந்த வண்டியும் வந்து நிக்காம இருக்கணும், அப்பாவோட ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. குளிருக்குக் காதை மூடிக்கிட்டுப் போ. ஞாயித்துக்கிழமை உங்கம்மாவுக்குப் போன் பண்ண மறக்காதே, போட்டோ எங்கன்னு மட்டும் அவகிட்ட கேக்காதே.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாம, முழு மனசோட, இந்த வருஷத்துல நான் கையெழுத்துப் போடற ஒரே காகிதம் இதுதான்.

உன் அப்பா